எந்த வரியை முதலில் படிப்பது?

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றின் கொள்முதல் கணினி நிரலைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். அறுபதாயிரம் வரிகள்; எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். முக்கியமான பகுதியைக் கண்டுபிடிக்க, அதிகமாக அழைக்கப்படும் செயற்கூறுகளை, அதாவது தனித்தனி வேலையைச் செய்துதரும் சிறு நிரல் பகுதிகளை, பட்டியல் எடுத்தேன். தேதியின் வடிவத்தை மாற்றித் தரும் கூறுதான் முதலில் வந்தது. வேறு எப்படித் தேடுவது?

வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியலில் பிழையில்லை. எல்லோரும் கேட்டு வாங்கும் சில்லறை வேலைகள் அப்படித்தான் மேலே வந்து நிற்கும். அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பகுதியைத் தேடுவதும் இன்னொரு வழி. ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களை ஆராய்ந்த கணினி அறிஞர் டொனால்ட் குனூத், 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்குகிறது என்று 1971இல் எழுதினார். ஆனால், நிரல் மெதுவாக ஓடுகிறது என்பதல்ல உங்கள் குறை.

சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் ஒரு பால் கொள்முதல் நிரல் என் கைக்கு வந்தது. நான் முதலில் படித்தது தரவுத்தள அட்டவணைகளை. உறுப்பினர், வேளை, லிட்டர், கொழுப்பு, விலை என்ற பத்திகளைப் பார்த்ததுமே அந்த நிரல் எதற்காக இருக்கிறது என்பது விளங்கிவிட்டது. பிறகு ஒரு பெண்மணியின் ஒரு காலை வேளைச் சீட்டை எடுத்துக்கொண்டு, பால் ஊற்றியதிலிருந்து பணம் பட்டுவாடா ஆவது வரை அது கடந்துபோகும் கூறுகளைப் படிப்படியாக ஓடவிட்டுப் பார்த்தேன். கருவி 4.18 என்று காட்டிய கொழுப்பை 4.1 என்று வெட்டிவிட்டு விலை போட்டுக்கொண்டிருந்தது, பதினோரு வரிகளே கொண்ட ஒரு செயற்கூறு. அது ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும் அழைக்கப்பட்டதால், உங்களுடையதைப் போன்ற பட்டியலில் கடைசிக்குப் போயிருக்கும். நான் அந்த நிரலில் மிக முக்கியமானதாக இன்றும் கருதுவது அந்தப் பதினோரு வரிகளைத்தான்.

உங்கள் நிரலிலும் ஒரு லோடு தோத்தாபுரியைப் பின்தொடருங்கள். மொத்த எடையிலிருந்து கழிவு பிடிக்கும் இடத்தில் நின்று படியுங்கள். அங்கே ஒரு விழுக்காடு பிசகினால், பத்து டன் கொண்டுவந்த விவசாயிக்கு நூறு கிலோவுக்கான பணம் போய்விடும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியில் மாற்ற வரலாறு இருந்தால், ஒவ்வொரு சீசனிலும் சேர்ந்தே திருத்தப்பட்ட கோப்புகள் எவை என்று பாருங்கள். ஒன்றையொன்று அழைக்காத இரு கோப்புகளுக்கு இடையே உள்ள உறவு அதில்தான் தெரியும். கழிவுக் கணக்கு கிடைத்ததும், கடந்த சீசனின் எடைச் சீட்டுகள் சிலவற்றைக் கையால் கணக்கிட்டு, அவற்றையே அதற்கான சோதனைகளாக எழுதிவைத்த பிறகு மற்ற வரிகளுக்குப் போங்கள்.