வழக்கறிஞர் அலுவலகத்திலேயே சட்டம் படிக்கலாம்

அன்புள்ள அம்மா,

பட்டம் முடித்த மகள் சட்டம் படிக்க விரும்புகிறாள்; உறவினர்களோ, படித்தால் பெயர்பெற்ற கல்லூரியில்தான் படிக்க வேண்டும், வீட்டை அடகு வைத்தாவது அனுப்புங்கள் என்று நெருக்குகிறார்கள் என்று கலிபோர்னியாவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனாலும் வீட்டை அடகு வைக்காதீர்கள். கடனை அடைக்கப்போவது நீங்களும் அவளும்தான், உறவினர்கள் அல்லர்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான பெஞ்சமின் ஹாரிசன் 1852இல் ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் சட்டக் கல்லூரிக்குப் போகவில்லை. சின்சினாட்டியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சட்டம் பயின்று, 1854இல் வழக்கறிஞரானார். தாத்தா அமெரிக்க அதிபராக இருந்தவர். அப்படியிருந்தும் இண்டியானாபொலிசில் தொடக்கத்தில் வழக்குகள் குவியவில்லை. நீதிமன்றத்தில் கூவி அழைக்கும் டவாலி வேலை பார்த்து நாளுக்கு இரண்டரை டாலர் ஈட்டினார். 1860இல், மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பதவியைத் தேர்தலில் வென்றார். 1862இல் 70ஆவது இண்டியானா படைப்பிரிவுடன் உள்நாட்டுப் போருக்குச் சென்றதால் அதை இழந்து, 1864இல் மீண்டும் வென்றார். பிறகு செனட்டராகி, 1889இல் அதிபரானார். பதவிக்காலம் முடிந்ததும் வழக்காடவே திரும்பினார். 1899இல் பாரிசில் வெனிசுவேலாவின் எல்லை வழக்கை வாதாடியவர் அவர்தான்.

அந்த வழி இன்றும் உங்கள் மாநிலத்தில் திறந்தே இருக்கிறது. நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 48 வாரங்கள், வாரத்துக்கு 18 மணி நேரம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் படிக்க வேண்டும். அதில் 5 மணி நேரமாவது அந்த வழக்கறிஞரின் நேரடி மேற்பார்வை இருக்க வேண்டும். அவர் கலிபோர்னியாவில் குறைந்தது ஐந்தாண்டுகள் தொழில் செய்தவராக இருப்பதோடு, மாதந்தோறும் எழுத்துத் தேர்வும் வைக்க வேண்டும். முதலாண்டுப் பாடங்களுக்கென மாநிலம் நடத்தும் தேர்வைத் தாண்டி, இறுதியில் வழக்கறிஞர் தகுதித் தேர்வையும் எழுத வேண்டும்.

இது எளிதான வழியன்று. பெரிய நிறுவனங்கள் கல்லூரிப் பெயரைக் கேட்கும். பல மாநிலங்கள் இத்தகுதியை ஏற்பதில்லை. ஆனால் உங்கள் மகளோ, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுவோருக்காக வழக்காடும் சிறிய அலுவலகம் ஒன்றில் மாலைதோறும் வேலை பார்க்கிறாள். கட்டு கட்டாக ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுக்கிறாள். ஊரை விட்டுப் போகும் எண்ணமும் அவளுக்கு இல்லை. அவளது நாட்டத்துக்குப் பொருந்துவது இந்தப் படிப்புதான். தன்னை மாணவியாக ஏற்பாரா, வாரம் ஐந்து மணி நேரம் ஒதுக்குவாரா என்று அந்த வழக்கறிஞரிடம் அவளையே இந்த வாரம் கேட்கச் சொல்லுங்கள்.