பார்ட் நம்பர் கையில் இருந்தால் பாதி பேரம் முடிந்தது
வாசகர் கேள்வி – பதில்: கார் பராமரிப்பு

முன்பக்க பிரேக் பேடுக்கு சர்வீஸ் சென்டரில் ஒரு விலை, ஜி.பி. ரோட்டில் (சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த தெரு) பாதி விலை, ஆன்லைனில் வேறு விலை. எதை நம்புவது?
– பெரம்பூர் வாசகர்

மூன்றும் ஒரே பொருளின் விலையா என்று முதலில் பாருங்கள். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பேடைத் தாங்களே செய்வதில்லை. பேட் செய்யும் கம்பெனியிடம் வாங்கித் தங்கள் டப்பாவில் போட்டு விற்கிறார்கள். பேட் செய்கிற கம்பெனியும் தன் சொந்த டப்பாவில் அதையோ அதை ஒத்ததையோ குறைந்த விலைக்கு வெளிக்கடையில் விற்கும். பிரேக் பேடுக்கு பிரேக்ஸ் இந்தியா, ரானே, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு லூகாஸ் டிவிஎஸ் என்று இதில் பேர்பெற்ற பலரும் சென்னைக்காரர்கள்தான். ஆகவே வேறு பிராண்டு டப்பா பாதி விலையில் கிடைத்தால் அது நியாயமாக இருக்கலாம். கார் கம்பெனி டப்பாவே பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள். அந்த டப்பாவில் எம்.ஆர்.பி.க்குக் கீழே ஓரளவுதான் யாரும் இறங்க முடியும்.

கடைக்குப் போகும் முன் ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேஸிஸ் எண்ணைச் சொல்லி, கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டரில் பார்ட் நம்பரையும் எம்.ஆர்.பி.யையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே நடுவில் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாறியிருக்கலாம். "2016 மாடல் ஸ்விஃப்ட்" என்று மட்டும் சொன்னால் தவறான பேட் கைக்கு வரும், டப்பாவைப் பிரித்துவிட்டால் பல கடைகளில் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். டப்பாவில் தயாரிப்பு மாதம், எம்.ஆர்.பி., பார்ட் நம்பர் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். பேடின் பின் தகட்டிலும் பெயரோ எண்ணோ பதிந்திருக்கும். வழவழப்பான வெறும் தகடு என்றால் வேண்டாம். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய எம்.ஆர்.பி. ஒட்டிய டப்பாவை அப்படியே பழைய விலைக்குத் தள்ளினால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

பேடின் தேயும் பகுதி 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும், பேட் பிடிக்கும் தட்டு) போச்சு என்று மெக்கானிக் சொன்னால் வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், இல்லாவிட்டால் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதற்கு மேல் இருந்து, பள்ளமோ விரிசலோ இல்லாமல், பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிராமல் இருந்தால் டிஸ்க்கை விட்டுவிடலாம். காலிப்பர் ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் போடாமல் பேடை மட்டும் மாற்றினால் ஒரு பக்க பேட் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். பலர் "மட்டமான பேட்" என்று திட்டுவது பல நேரம் இதைத்தான். வண்டியை எடுக்கும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக்கிக்கொள்ளுங்கள். முதல் 200 கி.மீ.க்கு, அவசரம் வந்தாலொழிய, கடுமையாக பிரேக் அடிக்காதீர்கள்.

ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் "கட கட" என்று சத்தம். சஸ்பென்ஷனையே முழுசா மாற்றணும் என்கிறார் மெக்கானிக்.
– ஆவடி வாசகர்

முழுசா எதற்கு? எந்த பாகம் என்று கண்டுபிடிக்காதவர்தான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்ன ராடு). இரண்டு முன் சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது குழியில் இறங்கி ராடைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் பார் முறுக்கி ராடை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்), மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பெரும்பாலும் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). பிரேக் பிடிக்கும்போது "டொக்" என்று ஒரே ஒரு அடி விழுந்தால் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கையிலுள்ள ரப்பர்). நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் "டங்" என்றால் பெரும்பாலும் ஸ்ட்ரட் மவுன்ட் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் பாகம்). ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் ஜோடியாக.

புதிய லோயர் ஆர்ம் புஷ் ஆறு மாதத்தில் கிழிகிறது என்பவர்களுக்கு ஒன்று: அந்த போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழு இறுக்கம் கொடுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும்.

புதுப்பேட்டையில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சென்னைச் சந்தை) பழைய பார்ட்ஸ் வாங்கலாமா? எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது?
– தாம்பரம் வாசகர்

கதவு, பானெட், கண்ணாடி, ஹெட்லைட், சைடு மிரர், சீட், பவர் விண்டோ ஸ்விட்ச், ஸ்டீல் வீல் ஆகியவற்றைத் தாராளமாகப் பாருங்கள். பிரேக், ஸ்டீயரிங் மூட்டுகள், டைமிங் பெல்ட், ரப்பர் ஹோஸ், ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவை புதிதாகத்தான்.

ஹெட்லைட் என்றால் பின்பக்கக் காதுகளை (பாடியோடு பூட்டும் பிடிகளை) பாருங்கள். உடைந்த காதை உருக்கி ஒட்டியிருப்பார்கள், பூட்டினால் பீம் ஆடும். மிரர் என்றால் சாக்கெட்டில் எத்தனை பின் என்று எண்ணி உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். கதவில் சின்ன காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் கனமாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள். உங்கள் நிறத்திலேயே கிடைத்தால் பெயின்ட் செலவு மிச்சம், அதற்காக இரண்டு நாள் கூடுதலாகத் தேடலாம்.

மின்சார பாகங்களில்தான் ஏமாறுவது அதிகம். இந்த ஊரில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் 2015லும் 2023லும் நிறைய. கனெக்டருக்குள் பச்சைப் பூப்பு, ஸ்க்ரூ ஓட்டைகளில் காய்ந்த சேறு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய இசியூவை (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) பூட்டினாலும், இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) சாவியோடு ஒத்துப்போகாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இசியூவை உங்கள் சாவியோடு ஒத்துப்போக வைக்கும் கோடிங் செய்பவரிடம் முதலில் பேசிக்கொண்டுதான் வாங்க வேண்டும். பழைய எஞ்சின் வாங்கினால் அந்த எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்து ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். பில் தராத எஞ்சின், எத்தனை மலிவானாலும், பின்னால் போலீஸ் விசாரணையில் மாட்டிவிடும்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏசி கேஸ் நிரப்புகிறேன். இந்த வருஷம் கம்ப்ரஸர் மாற்றச் சொல்கிறார்கள்.
– வேளச்சேரி வாசகர்

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. வருஷாவருஷம் குறைகிறது என்றால் எங்கோ ஓர் ஒழுகல் இருக்கிறது. நீங்கள் அதற்குத்தான் பணம் கட்டிவருகிறீர்கள். கம்ப்ரஸரைத் தொடும் முன், நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோப்பு நுரை வைத்தோ, சாயம் விட்டு யூ.வி. விளக்கிலோ கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் வால்வின் ஊசி, குழாய் மூட்டிலுள்ள ஓ-ரிங், கண்டென்சர், கடைசியில்தான் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் என்ற வரிசையில் பார்க்கட்டும். முதல் இரண்டும் சில்லறைச் செலவு. கேஸை எடை போட்டு ஏற்றும் மெஷின் உள்ள கடைக்கே போங்கள், அளவு எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். குத்துமதிப்பாக அதிகம் ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும். கேபின் ஃபில்டர் தூசியில் அடைத்திருந்தாலும் குளிர்ச்சி குறையும், அதையும் முதலிலேயே பாருங்கள். பல கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், பத்து நிமிட வேலை.

சர்வீஸ் எஸ்டிமேட்டில் எஞ்சின் ஃபிளஷ், எஞ்சின் டிரெஸ்ஸிங், நைட்ரஜன் காற்று என்று நீள்கிறதே?
– அண்ணா நகர் வாசகர்

ஓனர்ஸ் மேனுவலின் பராமரிப்பு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை அடித்துவிடச் சொல்லுங்கள். எஞ்சின் டிரெஸ்ஸிங் வெறும் மினுமினுப்பு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆயிலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: மேனுவல் சொல்லும் கிரேடு, சீல் உடையாத கேன், கூடவே ஃபில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் புதிது. சின்ன பெட்ரோல் கார்களுக்கு மூன்று, நான்கு லிட்டர் போதும். மீதி ஆயிலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?
– குரோம்பேட்டை வாசகர்

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் லேபர்தான் இதில் பெரிய செலவு. பேரிங்கை விட்டுவைத்து அது அடுத்த வருஷம் கத்த ஆரம்பித்தால் அதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டும். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா, ஃபிளைவீலில் விரிசலோ நீலம் பாய்ந்த திட்டுகளோ இருக்கின்றனவா என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.