கேம் மாற்றிய எஞ்சினுக்கு 7500 தாங்குமா?

தம்பி, மண்டபத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மட்டும் மாற்றிய 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதன் வேகத்துக்கு வரம்பு போடும் லிமிட்டரை 6500 ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 7500-க்கு ஏற்றலாமா என்று. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 75.5 மி.மீ. என்றால் 7500-இலும் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 18.9 மீட்டர்தான், அது பிரச்சினை இல்லை. எனக்குப் பயமெல்லாம் வால்வு ஸ்பிரிங் மேல்தான். பழைய ஸ்பிரிங் புதிய கேமுக்கு ஈடுகொடுக்காமல் வால்வு மிதக்க ஆரம்பித்தால், அதாவது நேரத்துக்கு மூடாமல் போனால், பிஸ்டனில் போய் இடிக்கலாம், அப்புறம் எஞ்சின் காயலான் கடைக்குத்தான். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டையும் பாருங்கள், அந்த 1000 ஆர்பிஎம்முக்கே அதன் மேல் இழுப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இரண்டையும் மாற்றும்வரை 6500 போதும். பிறகு டைனோவில் (பவர் அளக்கும் இயந்திரம்) ஓட்டி, உச்ச பவர் வரும் ஆர்பிஎம்முக்கு மேல் 300, 400 தள்ளி லிமிட்டரை வையுங்கள். அரிச்சல்முனை ரோட்டில் சோதிக்க வேண்டாம், காற்றடித்தால் ரோடெல்லாம் மணல். இன்னொன்று, மூன்றாவது கியரிலிருந்து நான்கு போட நினைத்து இரண்டில் விழுந்தால் சக்கரமே எஞ்சினை வேகமாகச் சுற்றிவிடும், எந்த லிமிட்டரும் காப்பாற்றாது.