வன்னி வாசகர் கேள்விகள்: பட்டம் எடுத்த பிள்ளை ஆராய்ச்சியில் நிலைக்க என்ன வேண்டும்?

விஞ்ஞான ஆராய்ச்சித் துறையில் பெண்கள் நிலைத்து நிற்க அரசு என்ன செய்ய வேண்டும் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வன்னிப் பக்கமிருந்து இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போடுகிறேன், ஏனென்றால் சிலர் அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

மகள் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்து நல்ல வகுப்போடு வெளியே வந்தாள். இப்போது டிப்பார்ட்மென்டில் தற்காலிகமாக நிற்கிறாள். மண் சம்பந்தமாகப் பிஎச்டி செய்யப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வயது 27. சொந்தக்காரர் எல்லோரும் கலியாணத்தை முடியுங்கோ என்கிறார்கள். பெண்பிள்ளைக்கு இந்த வழியில் எதிர்காலம் இருக்கா? (ஒரு தந்தை, முழங்காவில்)

இருக்கு ஐயா. நம்மட நாட்டில் பெண்பிள்ளைகள் கம்பஸுக்குள் போவது பிரச்சினையே இல்லை. அரச பல்கலைக்கழக மாணவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள், பொறியியல் போன்ற சில துறைகள்தான் இன்னும் பையன்கள் பக்கம் சாய்ந்திருக்கின்றன. உலகம் முழுக்க எடுத்தால் ஆராய்ச்சியாளர்களில் மூன்றில் ஒருவர்தான் பெண் என்று யுனெஸ்கோ சொல்கிறது, இலங்கையில் அது பாதியை நெருங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு 2011இல் துணைவேந்தராக வந்த பேராசிரியர் வசந்தி அரசரத்தினம் உயிர் இரசாயனவியல் ஆராய்ச்சியில் இருந்து வந்தவர்தான். ஆகவே உங்கள் மகள் யாரும் போகாத பாதையில் போகவில்லை.

ஆனால் மேலே போகப் போக ஆள் குறைகிறது. ஏன் என்று கேட்டால், வருடக் கணக்கைப் பாருங்கள். தற்காலிக வேலை, பிறகு தகுதிகாண் விரிவுரையாளர், குறித்த காலத்துக்குள் மேற்படிப்பு, கட்டுரைகள், அப்புறம் சிரேஷ்ட விரிவுரையாளர். இது எல்லாம் 27க்கும் 38க்கும் இடையில் நடக்க வேண்டும். கலியாணம், பிள்ளைப்பேறு, மாமியாரின் பிரஷர் குளுசை, பிள்ளையின் நேசரி எல்லாமே அதே வருடங்களில்தான் வருகிறது. இந்த விதிகளை எழுதியவர்களின் மனதில் இருந்த ஆள், வீட்டில் சமைத்து வைக்க ஒருவர் உள்ள ஆம்பிளை. அமெரிக்காவில் விஞ்ஞான, தொழில்நுட்ப, பொறியியல் வேலைகளில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் பிள்ளை பிறந்த பிறகு பெண்களில் 43 வீதமானோர் அந்த முழுநேர வேலையை விட்டார்கள், ஆண்களில் 23 வீதம். இரணைமடுக் குளத்தின் கதவைத் திறந்துவிட்டு, வாய்க்காலைத் திருத்தாமல், கடைசிக் காணிக்காரனைப் பார்த்து ஏன் உன் வயல் காய்கிறது என்று கேட்கிற கதைதான் இது.

நல்ல கொள்கை என்றால் அந்தப் பத்து வருடத்தைத்தான் தொட வேண்டும். பெண்களை ஊக்குவிக்கிறோம் என்று மேடையில் சொல்வதில் ஒன்றும் அசையாது.

கலியாண விசயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஆனால் பேச்சுக்கால் நடக்கும்போது காணி, நகை பேசுகிற நேரத்தில் பத்து நிமிசம் ஒதுக்கி, மகள் மூன்று நாலு வருடம் வெளிநாட்டில் படிக்கப் போனால் மாப்பிள்ளை கூடப் போவாரா, போகாவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். மழுப்புகிற வீட்டில் பிறகு என்ன நடக்கும் என்பதை உங்கள் மகளே ஊகிப்பாள்.

திறமைக்குத்தானே இடம் கொடுக்க வேண்டும்? பெண் என்பதற்காக ஒதுக்கீடு, சலுகை என்று போனால் ஆராய்ச்சியின் தரம் போகாதா? பம்பைமடுவில் எங்கள் வகுப்பில் முதல் மூன்று பேரும் பெண்கள். அவர்களுக்கு எதற்குச் சலுகை? (பல்கலைக்கழக மாணவர், வவுனியா)

தம்பி, நீங்கள் எந்த மாவட்டத்தில் ஏ.எல் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. வன்னியில் என்றால் ஒரு விசயத்தை யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை அடிப்படை. 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பட்டியலில் இருக்கு. கொழும்பில் டியூசனுக்கு டியூசன் ஓடிய பிள்ளையின் வெட்டுப்புள்ளியையும், கூரைத் தகரம் ஒழுகுகிற வகுப்பில் பயோவுக்கு ஆசிரியர் இல்லாமல் படித்த பிள்ளையின் வெட்டுப்புள்ளியையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பதை நாம் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். அதில் தரம் போச்சு என்று வன்னியில் யாரும் அழுது நான் கேட்டதில்லை. ஓடுகிற தூரம் ஒன்றாக இல்லாதபோது புள்ளியை மட்டும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் விசயம்.

உங்கள் வகுப்பில் முதல் மூன்று பேரும் பெண்கள் என்பது எனக்குச் சந்தோசம், ஆனால் பிரச்சினை வகுப்பில் இல்லை, அதற்குப் பிறகு. சுவீடனில் இரண்டு பெண் விஞ்ஞானிகள் தங்கள் நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிதி கொடுக்க எப்படிப் புள்ளி போடுகிறது என்று கேட்டார்கள். கோவைகளைக் காட்ட மாட்டோம் என்றது மன்றம். இருவரும் வழக்குப் போட்டு, தகவல் பெறும் சட்டத்தின்படி எடுத்துப் பார்த்து 1997இல் எழுதினார்கள்: ஓர் ஆணுக்குக் கிடைக்கிற அதே புள்ளியை ஒரு பெண் வாங்க அவள் இரண்டரை மடங்கு வேலை காட்டியிருக்க வேண்டும். 2012இல் அமெரிக்காவில் 127 விஞ்ஞானப் பேராசிரியர்களிடம் ஆய்வுகூட முகாமையாளர் வேலைக்கு ஒரே விண்ணப்பத்தை, பாதிப் பேருக்கு ஆண் பெயரிலும் பாதிப் பேருக்குப் பெண் பெயரிலும், கொடுத்துப் பார்த்தார்கள். ஆணுக்கு வருடம் 30,238 டொலர் கொடுக்கலாம் என்றவர்கள் பெண்ணுக்கு 26,508 என்றார்கள். மாறியது பெயர் மட்டும்தான். புள்ளி போட்டவர்களில் பெண் பேராசிரியர்களும் இருந்தார்கள், அவர்களும் அப்படித்தான் போட்டார்கள்.

நேர்மையாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு. 2015இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், விரிவுரையாளர் நியமனத்துக்குச் சம தகுதி உள்ள இருவரைக் கற்பனையாக வைத்துக் கேட்டபோது பெண்ணையே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தெரிவு செய்தார்கள். ஆகவே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பீடமும் தன் கணக்கைத் தானே எடுத்து வெளியிட வேண்டும் என்கிறேன். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுபட்டார்கள், எத்தனை வருடத்தில் பதவி உயர்ந்தார்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை. இதற்குக் காசும் பெரிதாகத் தேவையில்லை.

இன்னொன்று, எங்கள் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, அதே உறுப்புரையின் நாலாவது பந்தி பெண்களின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்றும் சொல்கிறது. நீங்கள் சலுகை என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

வேறு நாடுகளில் இதற்கு என்னதான் செய்கிறார்கள்? செய்ததில் எது பலித்தது? (விஞ்ஞான ஆசிரியை, மல்லாவி)

ரீச்சர், பலித்ததில் ஒரு பொதுத்தன்மை இருக்கு: காசோடு கட்டிவிட்டால் நடக்கிறது. பிரித்தானியாவில் 2005இல் அதீனா சுவான் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், பல்கலைக்கழகங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுப்பது. 2011இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி, வெள்ளித் தரம் இல்லாத மருத்துவ பீடங்கள் குறிப்பிட்ட பெரிய ஆராய்ச்சி நிதிக்கு எதிர்பார்த்திருக்க வேண்டாம் என்று சொன்னார். அதற்குப் பிறகு பார்க்க வேண்டும் ஓட்டத்தை! 2020இல் கடதாசி வேலை கூடிப்போச்சு என்று அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், அதுவும் உண்மை. படிவம் நிரப்புகிற வேலை கடைசியில் பெண் விரிவுரையாளர்களின் தலையில்தான் விழுந்தது என்ற முறைப்பாடும் இருந்தது. இதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். குழு அமைத்தால் கூட்டக் குறிப்பு எழுதுவது யார் என்று எனக்குத் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் தன் பெரிய ஆராய்ச்சி நிதியான ஹொரைசன் ஐரோப்பாவில் 2022 முதல், பல்கலைக்கழகமோ அரச நிறுவனமோ பால்நிலை சமத்துவத் திட்டம் ஒன்றை எழுதிப் பகிரங்கமாக வெளியிட்டிருந்தால்தான் பணம் என்று வைத்திருக்கிறது. அதற்கு ஆளும் நிதியும் ஒதுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும். அவர்களின் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் செய்வது எனக்கு இன்னும் பிடிக்கும். பிஎச்டி முடித்து இத்தனை வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கணக்கில், தாய்க்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் 18 மாதம் கூட்டிக் கொடுக்கிறது. தகப்பனுக்கு அவர் உண்மையில் எடுத்த லீவுக் காலம் மட்டும்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பெரிய பொருளியல் துறைகள் பிள்ளை பிறந்தால் நிரந்தர நியமனத்துக்கான காலத்தைத் தாய், தகப்பன் இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு வருடம் நீட்டின. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. 2018இல் கணக்குப் பார்த்தால், ஆண்கள் நிரந்தரமாவது கூடியிருக்கு, பெண்கள் நிரந்தரமாவது குறைந்திருக்கு. அந்த ஒரு வருடத்தில் அவர் கட்டுரை எழுதினார், அவ பால் கொடுத்தா. நல்ல மனதோடு எழுதிய விதியும் இப்படிக் கவிழும். விதி போட்ட பிறகு ஐந்து வருடத்தில் திரும்பிப் பார்க்கிற ஏற்பாடு இல்லாத எந்தக் கொள்கையையும் நான் நம்புவதில்லை.

பக்கத்தில் இந்தியாவில், குடும்பத்துக்காக இடைநிறுத்திய பெண் விஞ்ஞானிகள் திரும்பி வர விஞ்ஞான தொழில்நுட்பத் திணைக்களம் 2002 அளவிலேயே உதவித்தொகையோடு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2020இல் நிறுவனங்களையே தரம்பார்க்கிற ‘கதி’ (GATI) என்ற திட்டமும் வந்தது. நமக்கு ஆகக் கிட்டிய உதாரணம் இது, மொழியும் நிலைமையும் கொஞ்சம் விளங்கும்.

ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராக இருந்தேன். பிள்ளை பிறந்ததோடு நின்றுவிட்டேன். இப்போது மகனுக்கு மூன்று வயது. திரும்பப் போகலாம் என்று பார்த்தால் கட்டுரை எங்கே, இடைவெளி ஏன் என்று கேட்கிறார்கள். அரச உத்தியோகத்தருக்குள்ள பிரசவ லீவு எனக்குக் கிடைக்கவில்லை. (வாசகி, கிளிநொச்சி)

தங்கச்சி, அரச உத்தியோகத்தில் உள்ள ஒரு தாய்க்கு 84 வேலை நாள் முழுச் சம்பளம், பிறகு 84 நாள் அரைச் சம்பளம், பிறகு வேண்டுமானால் 84 நாள் சம்பளமில்லாமல். நிரந்தர விரிவுரையாளர்கள் இதற்குள் வருவார்கள். திட்டக் காசில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கடிதம் புதுப்பிக்கப்படுகிற ஆள் கர்ப்பமானால், கடிதம் புதுப்பிக்கப்படாமல் போனாலே போதும், யாரும் வேலை நீக்கியதாகக்கூட இருக்காது. ஆராய்ச்சிக் கொள்கையில் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான். நிதி கொடுக்கிறவர்கள், தேசிய விஞ்ஞான மன்றமாக இருந்தாலும் வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும், திட்டத்தின் பாதீட்டிலேயே உதவியாளரின் பிரசவ லீவுக்கு ஒரு வரி போடலாம். 2024இல் பெண்கள் வலுவூட்டல் சட்டம் வந்திருக்கு, அதன் கீழ் தேசிய ஆணைக்குழுவுக்கும் இடம் இருக்கு. பெண்கள் அமைப்புகள் இந்த மாதிரியான விசயத்தை எழுத்தில் அங்கே கொண்டுபோக வேண்டும்.

உங்களுக்கு இப்போது உதவுவது: விண்ணப்பத்தில் அந்த மூன்று வருடத்தை ஒளிக்காதீர்கள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பிள்ளை வளர்ப்பு என்று ஒரு வரியில் போடுங்கள். பழைய திட்டத்தில் எழுதாமல் கிடக்கிற தரவு இருந்தால் உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டு, உங்கள் பெயரும் வருமாறு ஒரு கட்டுரையாக்கப் பாருங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னம் லீவுப் பகுதியை வாசியுங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கம் வேண்டாம்.

மகள் குளத்து நீர் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். காடு, வாய்க்கால் என்று மாதிரி எடுக்கப் போகிறாள். எனக்குப் பயம். பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா? (ஒரு தாய், ஒட்டுசுட்டான்)

அம்மா, முகமாலையில் வெயிலுக்குள் முழங்காலில் இருந்து கண்ணிவெடி எடுத்தது யார்? நிறையப் பேர் நம்மட பெண்கள்தானே. ஆகவே சரிப்படுமா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். உங்கள் பயம் நியாயம்தான், யானை இருக்கு, கடைசி பஸ் போய்விட்டால் வேறு பஸ் இல்லை, போத்தல்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி நேரத்தோடு ஆய்வுகூடத்துக்குச் சேர்க்காவிட்டால் அன்றைய வேலை வீண் என்பதால் பிள்ளை அவசரப்படுவாள். இதற்கு மருந்து பிள்ளையை மறிப்பதில்லை. பீடம் வாகனம் கொடுக்க வேண்டும், கூட இன்னொருவர் போக வேண்டும், இடையில் போய்வர ஒரு மலசலகூடம் எங்கே என்று முதலே பார்த்து வைத்திருக்க வேண்டும். பையன் மோட்டார்சைக்கிளில் தனிய ஓடிப் போய் வந்துவிடுவான் என்பதால் இதையெல்லாம் யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. மகளின் மேற்பார்வையாளரிடம் நீங்களே போய்க் கேட்கலாம், தப்பில்லை.

பெப்ரவரி 11 விஞ்ஞானத்தில் பெண்கள், சிறுமிகள் தினமாம். பாடசாலையில் என்ன செய்யலாம்? (அதிபர், புதுக்குடியிருப்பு)

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்த நாள் அது. பேச்சுப்போட்டி, வாழ்த்துமடல் வேண்டாம் சேர். கிளிநொச்சியில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஒரு மாதம் முன்னமே கடிதம் கொடுத்து, பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பரந்தன் வீதியால் பஸ்ஸில் கொண்டுபோங்கள். நெல் இனம் ஒன்றைச் சோதிப்பது எப்படி என்று அங்குள்ள பெண் உத்தியோகத்தர் ஒருவரையே காட்டச் சொல்லுங்கள். பையன்களையும் ஏற்றுங்கள், நாளைக்கு அவர்கள்தானே நேர்முகத் தேர்வு மேசையின் மறுபக்கம் இருக்கப் போகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பார்சல் கட்டிக்கொண்டே போங்கள், அங்கே இத்தனை பிள்ளைகளுக்கு எடுக்க ஏலாது.