சர்வரை ஓட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கடன் வாங்கி எந்தப் பட்டம்?

அன்புள்ள ஐயாவுக்கு,

மகன் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் போதும் என்கிறான். உங்கள் மைத்துனரோ தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல் இடம் பேசி வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. வைக்கக் கூடாது.

பிரிவின் பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக ஒரு குடும்பம் பத்தாண்டுக் கடனில் இறங்க வேண்டியதில்லை. மேலும், பையன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள சர்வர் ஏன் ஓடவில்லை என்று இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான் என நீங்கள் குறையாக எழுதியதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அந்தத் தரவுத்தள மென்பொருள், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓடுவதற்கே மறுத்துவிடும். அதற்கென ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, தரவுக் கோப்புறையை அக்கணக்கின் பெயருக்கு மாற்றி, பிற கணக்குகள் உள்ளே நுழையாதபடி 700 என்று (அல்லது அதன் குழுவுக்குப் படிக்க மட்டும் விடும் 750 என்று) பெர்மிஷனை, அதாவது அணுகல் உரிமையை, குறுக்கினால்தான் சர்வர் எழும். இணைய சர்வரானால் சிக்கல் வேறு: லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளை, அதாவது வலைத்தொடர்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்களை, திறப்பது வழக்கமாக ரூட்டுக்கு மட்டுமே உரியது, ஆகவே 80-ஆம் போர்ட்டைத் திறக்கும் அந்த ஒரு திறனை மட்டும், சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகச் சாதாரணக் கணக்கிற்குக் கொடுக்கலாம். விண்டோஸிலும், சர்வீஸாக (பின்னணியில் ஓடும் நிரலாக) உள்நுழையும் உரிமை இல்லாத கணக்கின் பெயரில் சர்வீஸ் தொடங்காது. இப்படிக் கண்டிப்பு காட்டாத மென்பொருள்களில் அவசரக்காரர்கள் 777 என்று எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அப்படி ஓடும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை விழும் நாளில், உள்ளே வந்தவன் கைக்கு அத்தனை கோப்புகளும் போய்விடும். தேவையானதை மட்டும் கொடுத்து மற்றதை மறுக்கத் தெரிந்தவரைத்தான் வங்கிகளும் மருத்துவமனைகளும் சர்வர் நிர்வாகியாகத் தேடுகின்றன. நள்ளிரவில் தொலைபேசி அடிக்கும் வேலைதான், அதையும் மறைக்கவில்லை.

இதற்கு பி.எஸ்சி. போதுமான அடித்தளம். லினக்ஸின் வகைகளான டெபியன், ராக்கி லினக்ஸ் இரண்டும் இலவசம். மடிக்கணினியின் ரேமை மட்டும் கூட்டிக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டில் ரெட் ஹேட் என்னும் லினக்ஸ் நிறுவனம் கணினி நிர்வாகிகளுக்கு நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வுக்கு அவன் தயாராகலாம். அதில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் கிடையாது. ஓடும் கணினியில் கணக்குகளையும் உரிமைகளையும் அமைத்துக் காட்ட வேண்டும், கணினியை மறுபடி தொடங்கிய பிறகும் அவை நிலைத்திருக்க வேண்டும். வேலை உறுதி என்று சொல்லி முன்பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். தேர்வுக் கட்டணத்தைக்கூட, வீட்டில் அவனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அமைத்துக் காட்டிய பிறகு கட்டினால் போதும்.