மொட்டை மாடி அறையில் 4090: முதலில் வாட்டைக் குறையுங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கட்டடங்களுக்கு 3டி வாக்த்ரூ (கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பது போன்ற வீடியோ) செய்து கொடுப்பவர். மொட்டை மாடியில் பத்துக்குப் பத்து அறை, கம்ப்யூட்டரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு, 850 வாட் பவர் சப்ளை, தினமும் ஐந்து மணி நேரம் ரெண்டர், அதாவது 3டி காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை. ஏப்ரல் வந்தால் கார்டு 82, 83 டிகிரியைத் தொடுகிறது, அறையில் உட்கார முடியவில்லை. கேபினெட்டுக்கு இன்னும் ஃபேன் போடுவதா, ஏசி வாங்குவதா, இல்லை ஏற்காட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கே சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதா என்று கேட்கிறார்.

முதலில் 83 டிகிரிக்காகப் பயப்பட வேண்டாம். 4090-க்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 90 டிகிரி, அதை நெருங்கினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், அறை ஒரு டிகிரி ஏறும்போது கார்டும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும், அதனால் 25 டிகிரி அறையில் 70-ல் ஓடும் கார்டு சேலத்து மே மாதத்தில் 83-க்கு வருவது கோளாறே இல்லை.

உங்கள் உண்மையான பிரச்சினை அறைதான். கார்டின் சூடு வேறு, அறைக்குள் கொட்டும் சூடு வேறு, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கார்டு இழுக்கும் 450 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது, பிராசஸர், மற்ற பாகங்கள் எல்லாம் சேர்த்தால் சுமார் 600 வாட். அதாவது பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்துக்குக் கீழே, 600 வாட் ரூம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறீர்கள். கேபினெட்டில் ஆறு ஃபேன் போட்டாலும் வாட்டர் கூலிங் மாட்டினாலும் கார்டின் டிகிரி இறங்கும், அறைக்கு வரும் 600 வாட் அப்படியேதான் வரும்.

அதனால் செலவே இல்லாத வேலையை முதலில் செய்யுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை, 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். 450 வாட் 315 ஆகிவிடும், ஆனால் ரெண்டர் வேகத்தில் இழப்பு பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள்தான். காரணம், சிப்பின் மின்செலவு வோல்டேஜின் இருமடியோடு ஏறுகிறது, வேகத்தில் கடைசிக் கொஞ்ச மெகாஹெர்ட்ஸை எட்டத்தான் வோல்டேஜை அவ்வளவு தூக்க வேண்டியிருக்கிறது. நிறுவனங்கள் ஒப்பீட்டுப் பட்டியலில் முதலிடம் பிடிக்கவே அந்த உச்சத்தில் கார்டை ஓட்டி விற்கின்றன, தினமும் அதில் சம்பாதிக்கிறவருக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு மணி நேர ரெண்டர் அறுபத்தைந்து நிமிடம் ஆகட்டுமே, அதற்குப் பதில் அறையில் 135 வாட் குறைகிறது, கார்டும் நன்றாகக் குளிர்ந்து ஓடும்.

அடுத்தது காற்று. மீதியிருக்கும் சுமார் 465 வாட்டை, அறைக்காற்று வெளிக்காற்றைவிட 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியே தள்ள மணிக்கு ஏறத்தாழ 290 கன மீட்டர் காற்று போக வேண்டும். சுவரின் மேல்பக்கம் ஒரு 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் கீழே காற்று வர வழி, இது போதும். ஆனால் வெளியே 39 டிகிரி இருக்கும் மதியத்தில் எக்ஸாஸ்ட் அதற்குக் கீழே கொண்டுவராது, அப்போது ஏசிதான். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அதில் உங்கள் கம்ப்யூட்டரின் பங்கு சிறியது, பெரும்பங்கை அந்தத் தளமே தின்றுவிடும், அதனால் ஏசி வாங்குமுன் தளத்துக்குக் கூலிங் டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ போடுங்கள்.

பில்? 600 வாட், ஐந்து மணி நேரம் என்றால் நாளுக்கு 3 யூனிட், இரண்டு மாத ரீடிங்கில் 180. லிமிட் வைத்தால் ரெண்டர் நேரம் கூடுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் 25 யூனிட்டாவது மிஞ்சும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம்.

850 வாட் பவர் சப்ளை போதும், 4090-க்கு என்விடியா பரிந்துரைப்பதும் அதுதான். ஆனால் கார்டில் சொருகும் 16 பின் கனெக்டரை இன்றைக்கே பாருங்கள். 2022-ல் இந்தக் கார்டு வந்த சில வாரங்களிலேயே கனெக்டர் உருகிய படங்கள் வர ஆரம்பித்தன, முழுதாகச் சொருகாததுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. இடைவெளி தெரியாமல் அழுத்திச் சொருகுங்கள், கனெக்டரிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் ஒயரை மடக்காதீர்கள், கேபினெட் கதவு அதை அழுத்தவும் கூடாது. 5090-க்கு மாறும் ஆசை இருந்தால், அதே அளவு கனெக்டரில் 575 வாட், அதாவது 12 வோல்ட்டில் 48 ஆம்பியர் போகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டு 600 விஏ யுபிஎஸ்ஸில் இந்த சிஸ்டத்தை மாட்டவே கூடாது, முழு லோடில் அது தாங்காது. 1,500 விஏ அளவில், வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையைத் தரும் சைன் வேவ் யுபிஎஸ் வாங்குங்கள்.

தறி ஓடும் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பஞ்சுத் தூசி. மற்ற ஊர்த் தூசி போல இது உதிராது, வெப்பத்தைக் காற்றில் விடும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பாய் விரித்த மாதிரி படிந்துவிடும். மாதம் ஒரு முறை சிஸ்டத்தை அணைத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதுங்கள்.

சரி, ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு, அதே ஃபேன் வேகத்தில் குளிர்ச்சி கொஞ்சம் குறையும். ஆனாலும் கோடையில் சேலத்தைவிடப் பத்து டிகிரி குறைவாக இருப்பதால் மொத்தத்தில் கார்டுக்கு லாபம்தான். நான் தயங்குவது வேறு காரணத்துக்கு: மழைக்காலத்து ஈரம், கோடை மழையோடு வரும் இடி மின்னல், மரம் விழுந்தால் போகும் கரண்ட். தினமும் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும் சிஸ்டத்துக்கு இதெல்லாம் 83 டிகிரியைவிட மோசம். லிமிட்டும் எக்ஸாஸ்ட்டும் போட்டபின் அம்மாபேட்டையிலேயே ஓட்டிவிடலாம்.

அப்படியும் கொண்டுபோவதென்றால் கார்டைக் கழற்றித் தனியாகப் பெட்டியில் வையுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் கனம், இருபது கொண்டை ஊசி வளைவில் ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு வந்தால் மதர்போர்டு தாங்காது. திரும்பக் கீழே கொண்டுவரும்போது, குளிர்ந்திருக்கும் சிஸ்டத்தின் மேல் சேலத்து ஈரக்காற்று பட்டால் நீர் கோக்கலாம், அதனால் மூன்று நான்கு மணி நேரம் சும்மா வைத்திருந்துவிட்டு ஸ்விட்ச் போடுங்கள்.