ஸ்டேட்டஸ்: எல்லா இடத்திலும் ‘அந்தஸ்து’ பொருந்தாது

படிவ மொழிபெயர்ப்பில் ‘மேரிட்டல் ஸ்டேட்டஸ்’ என்பதைத் ‘திருமண அந்தஸ்து’ என்று எழுதியதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். அங்கே ‘திருமண நிலை’ என்று மாற்றுங்கள். மணமானவரா, ஆகாதவரா என்பது மட்டும்தான் கேள்வி. அந்தஸ்து என்றால் மதிப்பும் உயர்வு தாழ்வும் உள்ளே வந்துவிடும்.

‘அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ்’ விண்ணப்ப நிலை. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்க முடிந்தால் ‘நிலை’ தவறாது. லத்தீனில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற சொல்லின் வேருக்கு ‘நிற்றல்’ என்று பொருள். நம் ‘நிலை’யும் ‘நில்’லிலிருந்து பிறந்ததுதான். அழகான பொருத்தம்!

அரசு அளிக்கிற, பறிக்கிற ஸ்டேட்டஸ் வேறு வகை. 2004இல் தமிழ் பெற்றது செம்மொழித் தகுதி. 2019இல் ஜம்மு காஷ்மீர் இழந்தது சிறப்பு அந்தஸ்து. இங்கே ‘நிலை’ போட்டால் சட்ட உரிமை என்ற பொருள் மங்கிவிடும்.

நீதிமன்ற உத்தரவில் ‘ஸ்டேட்டஸ் கோ’ வந்தால் ‘தற்போதைய நிலையே நீடிக்க வேண்டும்’ என்று முழுதாக எழுதுங்கள்.

பலர் சறுக்கும் இடம் பான் அட்டை விண்ணப்பம். அதிலுள்ள ஸ்டேட்டஸ் கட்டத்தில் நிரப்ப வேண்டியது தனிநபர், இந்து கூட்டுக் குடும்பம், நிறுவனம் போன்றவற்றில் ஒன்று. அதனால் ‘விண்ணப்பதாரர் வகை’ என்பதே சரி. விடைக்கான தெரிவுகளைப் படித்த பிறகே தலைப்பை மொழிபெயர்க்கத் தொடங்குங்கள்.